‘எரர் காயின்’ லட்சங்களுக்கு விலை போகுமா? நாணய ஆலையின் பிழை எது, பட்டறையில் செய்த கைவேலை எது... கண்டுபிடிப்பது எப்படி?

“இந்த 5 ரூபாய் காயின் உங்ககிட்ட இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!” இப்படி ஒரு வீடியோ கண்ணில் படாமல் இன்று ஃபேஸ்புக்கையோ யூடியூபையோ கடந்துவிட முடியாது. முன்பெல்லாம் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு, வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயம் என்று வலை விரித்தார்கள். இப்போது கொஞ்சம் டெக்னிக்கலாகப் பேசுகிறார்கள். ‘எரர் காயின்’, அதாவது அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன நாணயம். படம் ஒரு பக்கம் ஒதுங்கியது, எழுத்து விடுபட்டது, குறுக்கே கோடு விழுந்தது என எதைக் காட்டினாலும் அதற்கு ஒரு விலை சொல்கிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், எரர் காயின் என்பது முழுப் பொய் கிடையாது. உண்மையிலேயே ஆலையில் பிழையாகி வெளியே வந்துவிட்ட நாணயங்கள் உண்டு. சேகரிப்பாளர்கள் அவற்றைக் காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. அந்த ஒரு துளி உண்மையை வைத்துத்தான் மீதி வியாபாரம் நடக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து டீக்கடைக்கு வரும் ஒரு தொழிலாளிக்கு, மீதிச் சில்லறையில் ஒரு 10 ரூபாய் நாணயம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற 10 ரூபாய் நாணயங்களைப் போல அது இல்லை. பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது டூப்ளிகேட். பஸ்ல வாங்க மாட்டாங்க” என்கிறார். இன்னொருவர், “சும்மா இருங்க, இது எரர் காயின். மாத்திடாதீங்க, ஆன்லைன்ல லட்சத்துக்குப் போகும்” என்கிறார். ஒரே நாணயம், இரண்டு தீர்ப்பு. இரண்டு பேரும் பார்த்தது ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்ற ஒன்றை மட்டும்தான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று இருவருமே கேட்கவில்லை.

அது வடிவமைப்பிலேயே இருப்பதா, ஆலையின் இயந்திரத்தில் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு யாராவது செய்ததா? இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பாதி மோசடி அங்கேயே அடிபட்டுப் போகும்.

ரிசர்வ் வங்கி எச்சரித்தது ஏன்?

2021 ஆகஸ்ட் 4-ம் தேதி இந்திய ரிசர்வ் வங்கி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்பதாகச் சொல்லும் சிலர், ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் பயன்படுத்தி பொதுமக்களிடம் கட்டணம், கமிஷன், வரி என்ற பெயரில் பணம் கேட்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, இதற்காகக் கட்டணம் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி அதில் தெளிவாகச் சொன்னது.

மோசடி நடக்கும் விதம் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுதான். வீடியோவின் கீழே ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கும். நாணயத்தின் போட்டோவை அனுப்பினால், உடனே பாராட்டு வரும். “சூப்பர் சார், ரேர் பீஸ். கம்பெனி எடுத்துக்கும்.” விலையாக ஒரு பெரிய தொகை சொல்லப்படும். அதற்குப் பிறகு பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய். அதைக் கட்டினால் சான்றிதழ் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் ‘பணம் வண்டியில வந்துட்டிருக்கு, செக்போஸ்ட்ல மாட்டிக்கிச்சு’. ஒவ்வொரு தடவையும் கேட்கும் தொகை கூடிக்கொண்டே போகும். விற்கப் போனவர்தான் கடைசிவரை பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். நாணயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்கவே மாட்டார்கள். உண்மையான சேகரிப்பாளரிடமிருந்து மோசடிக்காரரைப் பிரித்துக்காட்டும் முதல் அடையாளமே இதுதான். நாணயம் தெரிந்த ஆள் போட்டோவை மட்டும் நம்பி விலை பேச மாட்டார்.

இன்னொரு ரகமும் உண்டு. இங்கே பிழையான நாணயத்தை உங்களிடம் விற்பார்கள். அரம், லேத், முலாம் தொட்டி மூன்றும் இருந்தால் ‘பிழை’யைச் செய்துகொள்ளலாம். மோசடி என்று பார்த்தால் முதல் ரகம்தான் அதிகம் பேரைக் கடிக்கிறது. ஆனால், நாணயம் சேகரிக்கத் தொடங்கும் இளைஞர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகத்தில்தான்.

முதலில், பிழையே இல்லாத வித்தியாசங்கள்

எரர் என்று சொல்லப்படும் நாணயங்களில் பல, அரசே வேண்டுமென்று அப்படி அடித்தவை.

10 ரூபாய் நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரி 17-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி, அதுவரை மட்டுமே 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயங்கள் வெளியாகியிருந்தன. 14-ம் செல்லும். ரூபாய் குறியீடு (₹) 2010-ல்தான் ஏற்கப்பட்டது. நாணயங்களில் அது 2011 முதல் வந்தது. அதற்கு முந்தைய நாணயத்தில் குறியீடு இருக்காது. பழைய ஒரு வடிவத்தில் 15 கதிர்கள் இருக்கும், குறியீட்டோடு வந்த வடிவத்தில் 10 கதிர்கள். “15 கோடு இருந்தா டூப்ளிகேட்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய கதையின் ஆதாரம் இவ்வளவுதான். அந்த வதந்தியால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைகளும் பேருந்துகளும் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தது நினைவிருக்கும். வாங்க மறுத்த கோபத்தில், 2022-ல் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 10 ரூபாய் நாணயங்களாகவே 6 லட்சம் ரூபாய் சேர்த்துக் கொடுத்து கார் வாங்கியதும் செய்தியானது.

5 ரூபாய் நாணயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 1990-களில் வந்தது செம்பும் நிக்கலும் கலந்தது. எடை 9 கிராம், கையில் கனமாக இருக்கும், காந்தத்தில் ஒட்டாது. 2007-ல் வந்தது துருப்பிடிக்காத இரும்பு. எடை 6 கிராம், காந்தத்தில் ஒட்டும். அதற்குப் பிறகு மஞ்சள் நிறத்தில் நிக்கல் பித்தளை. அதுவும் 6 கிராம், ஆனால் காந்தத்தில் ஒட்டாது. மூன்றும் ஒரிஜினல். உலோகத்தின் விலை நாணயத்தின் முகமதிப்பைத் தாண்டினால் அதை உருக்கி விற்கும் ஆசை வரும் என்பதால், அரசு அவ்வப்போது உலோகத்தையும் எடையையும் மாற்றுகிறது. “இது லேசா இருக்கு, அது காந்தத்துல ஒட்டுது” என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த ஆண்டு வடிவம் என்று பார்த்துவிட்டுத்தான் காந்தத்தை எடுக்க வேண்டும்.

அடுத்து ஆலைக் குறி. இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசு நாணய ஆலைகள் உள்ளன. ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. கொல்கத்தா ஆலை குறி போடுவதில்லை. ‘குறி விடுபட்ட அபூர்வ நாணயம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சாதாரண கொல்கத்தா நாணயம்தான். நட்சத்திரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ‘குறி இல்லை’ என்று விற்பவரும் இருக்கலாம். அதை எப்படிப் பிடிப்பது என்று கீழே பார்க்கலாம்.

நினைவு நாணயங்களும் எரர் அல்ல. அண்ணா நூற்றாண்டுக்காக வந்த, அவரது தமிழ்க் கையெழுத்து பொறித்த 5 ரூபாய் நாணயமும், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-ல் வந்த 5 ரூபாய் நாணயமும் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும், சரிதான். ஆனால் அவை புழக்கத்துக்காகவே அடிக்கப்பட்டவை.

நாணயம் எப்படி அடிக்கப்படுகிறது?

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ பிரஸ் ஷாப்பில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. நாணயம் என்பது கடைசியில் ஒரு ஸ்டாம்பிங் வேலைதான்.

முதலில் உலோகத் தகடு. அதிலிருந்து வட்ட வட்டமாகத் துண்டுகள் வெட்டப்படும். இவற்றுக்கு பிளாங்க் என்று பெயர். (தமிழ்நாட்டில் நாணய ஆலை கிடையாது. சென்னை தங்கசாலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த ஆலை 1869-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால் சேலம் உருக்காலையில் நாணயத்துக்கான துருப்பிடிக்காத இரும்பு பிளாங்க் தயாரிக்கும் வசதி உண்டு.) பிளாங்கைச் சூடாக்கி மென்மையாக்குவார்கள். பிறகு அதன் ஓரத்தை அழுத்தி லேசாகத் தூக்கிவிடுவார்கள். நாணயத்தின் விளிம்பு மேடாக இருப்பதற்கான தொடக்கம் இதுதான். அதற்குப் பிறகு அச்சு. மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றி வளையமாக ஒரு காலர். மூன்றுக்கும் நடுவில் பிளாங்க் உட்காரும். ஒரே அடி. உலோகம் பிதுங்கி டையின் பள்ளங்களுக்குள் ஓடும். ஓரத்தில் பிதுங்குவதைக் காலர் தடுத்து நிறுத்தும். விளிம்பில் உள்ள வரிகளும் அங்கேயே பதியும். இது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் நடக்கிறது.

இந்த வரிசையில் எங்கே சறுக்கினாலும் அதற்கென்று ஒரு தடயம் மிஞ்சும். உண்மையான எரர் காயினைப் பார்த்து, ‘இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும்?’ என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் நடந்திருக்க முடியாத ஒன்று என்றால், அது ஆலைக்கு வெளியே நடந்தது.

லென்ஸை எடுங்கள்: தடயம் எங்கே இருக்கும்?

தேவையானவை மூன்று. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம். நான்காவதாக ஒன்று உண்டு. அதே ஆண்டு, அதே ஆலையின் சாதாரண நாணயம் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் உட்காரவே கூடாது.

முதலில் கோடுகள். டையில் விரிசல் விட்டால், அந்த விரிசல் டையில் பள்ளம். அடிக்கும்போது உலோகம் அதற்குள் ஏறும். எனவே நாணயத்தில் அது மேடான கோடாக வரும். டையின் ஓரம் உடைந்து விழுந்தால் நாணயத்தின் விளிம்பில் ஒரு கட்டி போல மேடு தெரியும். யாரோ ஆணியால் கீறினால் அது பள்ளம். ‘மேடு என்றால் டை, பள்ளம் என்றால் கை’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முழுக்க முழுக்க இல்லை, விதிவிலக்கு உண்டு. டைக்கும் பிளாங்குக்கும் நடுவில் ஒரு கம்பித் துண்டோ துணியோ சிக்கினால் ஆலையிலேயே பள்ளம் விழும். ஆனால் அப்போது பள்ளத்தின் ஓரங்கள் வழவழப்பாக இருக்கும். கீறலில் உலோகம் இரண்டு பக்கமும் கிளம்பி நிற்கும்.

அடுத்து, விடுபட்ட எழுத்து. டையின் பள்ளத்தில் கிரீஸும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து சரியாகப் பதியாது. ‘இந்தியா’வில் ஓர் எழுத்து இல்லாமல் போவது, ஆண்டில் ஓர் இலக்கம் மங்குவது எல்லாம் இப்படித்தான். இங்கே கவனிக்க வேண்டியது எழுத்தை அல்ல, எழுத்து இருந்திருக்க வேண்டிய தரையை. அடைத்த டையால் வந்ததென்றால் தரை சமமாக இருக்கும், சுற்றியுள்ள பகுதியின் அதே மினுமினுப்பு இருக்கும். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறையும். அரத்தால் தேய்த்ததென்றால் அந்த இடம் மட்டும் ஒரு நூல் பள்ளமாக இருக்கும், அல்லது ஒரே திசையில் மெல்லிய வரிகள் ஓடும். பாலிஷ் போட்டு வரிகளை மறைத்திருந்தால், சுற்றிலும் இருபது வருட அழுக்கு இருக்க அந்த ஒரு இடம் மட்டும் பளபளக்கும். சுரண்டி எடுத்த ஆலைக் குறியையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும்.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயங்கள்தான் உண்மையிலேயே சுவாரஸ்யமானவை. தகட்டில் வட்டங்கள் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழுந்தால், பிளாங்கில் பிறை வடிவில் ஒரு கடி விழும். நாணயத்தில் அது ஓரம் கடித்த பிஸ்கட் போல இருக்கும். இதைக் கட்டரால் வெட்டிப் போலியாகச் செய்வது ரொம்ப சுலபம். எடையும் உதவாது, ஏனென்றால் உண்மையானதிலும் எடை குறைவாகத்தான் இருக்கும். அப்போது பார்க்க வேண்டிய இடம் கடிக்கு நேர் எதிர்ப்புறம். ஓரத்தைத் தூக்கும் இயந்திரத்தில் பிளாங்க் இரண்டு பக்கமும் அழுத்தப்பட்டு உருளும். கடி உள்ள பக்கம் வரும்போது அங்கே பிடிமானம் இருக்காது. அதனால் நேர் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் குறைந்து, விளிம்பு மெலிந்து மங்கிப்போகும். சேகரிப்பாளர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். வெட்டிச் செய்த போலியில் எதிர்ப்பக்க விளிம்பு முழுசாக, கம்பீரமாக நிற்கும். ஆலைப் பிழையில் கடிக்குப் பக்கத்து எழுத்துகள் கடியை நோக்கி லேசாக இழுபட்டு மங்கும். போலியில் கத்தி வைத்து அறுத்தது போல் பாதி எழுத்தில் நிற்கும். எல்லா உண்மைக் கடியிலும் இந்த விளைவு பளிச்சென்று தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தெரிந்தால், அது நல்ல சாட்சி.

படம் ஒதுங்கிய நாணயம், அதாவது ஆஃப் சென்டர். பிளாங்க் சரியாக உட்காராமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது அடி விழுந்தது. காலருக்குள் அடங்காததால் அது சரியான வட்டமாக இருக்காது. விளிம்பில் வரிகள் முழுசாகப் பதிந்திருக்காது. அச்சு விழாத பகுதி வெறும் பிளாங்காக, தொடப்படாமல் இருக்கும். எடை மட்டும் குறையவே குறையாது, ஏனென்றால் உலோகம் எங்கேயும் போகவில்லை. ஒரு பக்கத்தைக் கிரைண்டரில் தேய்த்து ‘ஆஃப் சென்டர்’ என்று கொடுத்தால் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடியில் பார்ப்பது போல் தலைகீழ் படம் பள்ளமாகப் பதிந்த நாணயத்துக்கு புரோக்கேஜ் என்று பெயர். அடித்த நாணயம் வெளியே விழாமல் டையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த பிளாங்கின் மேல் அதுவே டையாக மாறிவிடுவதால் வருவது. இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வைஸில் இறுக்கினாலோ சுத்தியலால் அடித்தாலோ இதேபோல ஒரு தழும்பு விழும். ஆனால் அங்கே ஏற்கெனவே இருந்த படம் நசுங்கி, அதன் மேல் இன்னொன்றின் தழும்பு இருக்கும். மறுபக்கமும் சப்பையாகியிருக்கும். உண்மையான புரோக்கேஜில் பழைய படம் என்று எதுவுமே அடியில் இருக்காது, மறுபக்கம் வழக்கம்போல் தெளிவாக இருக்கும்.

இரு பக்கமும் தலை, அல்லது இரு பக்கமும் பூ உள்ள நாணயம்? பெரும்பாலும் லேத் வேலை. ஒரு நாணயத்தை உள்ளே குடைந்து, இன்னொன்றைக் கடைந்து சன்னமாக்கி உள்ளே பொருத்துவார்கள். விளிம்புக்கு உட்பக்கமாக லென்ஸை வைத்துச் சுற்றி வந்தால் தலைமுடி அளவு இணைப்புக் கோடு தெரியும். தரையில் போட்டால் சத்தம் கணீரென்று வராமல் மொத்தென்று வரும். மேஜிக் கடையில் விற்கும் சமாச்சாரம் அது.

இரண்டு உலோக 10 ரூபாயில் நடு வட்டம் இல்லாத வளையம் அடிக்கடி ‘எரர்’ என்று காட்டப்படுகிறது. சுத்தியலால் தட்டினால் நடுத் துண்டு வெளியே வந்துவிடும். பிறகு அங்கே நடு வட்டம் இருந்ததற்கான அச்சு, வளையத்தின் உள் ஓரத்தில் அப்படியே இருக்கும். நடுத் துண்டு இல்லாமலேயே அடி வாங்கிய வளையம் என்றால், உலோகம் காலியிடத்தை நோக்கி உட்புறமாக வழிந்திருக்க வேண்டும். துளையின் ஓரம் சீராக இருக்காது, படமும் அங்கே இழுபட்டிருக்கும்.

நிறம் மாறியவற்றில் அதிகம் மெனக்கெட வேண்டாம். செம்பு நிறத்தில் இரும்பு நாணயம் என்றால் முதல் சந்தேகம் முலாம். காந்தத்தை வைத்தால் முலாமுக்கு அடியில் இரும்பு இருப்பது தெரிந்துவிடும். உண்மையிலேயே வேறு நாணயத்தின் பிளாங்கில் அடிக்கப்பட்டது என்றால், அதன் எடையும் விட்டமும் அந்த வேறு நாணயத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

அமெரிக்காவின் பிரபலமான கதையே இதற்கு உதாரணம். இரண்டாம் உலகப்போரில் செம்பு தேவைப்பட்டதால் 1943-ல் ஒரு சென்ட் நாணயத்தை இரும்பில் அடித்தார்கள். மிச்சமிருந்த சில செம்புக் கலவை பிளாங்குகளும் தவறுதலாக உள்ளே போய்விட்டன. அந்தச் சில நாணயங்களுக்கு இன்றும் பெரிய மதிப்பு. உடனே சாதாரண 1943 இரும்பு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசத் தொடங்கிவிட்டார்கள். காந்தத்தில் ஒட்டினால் முலாம் என்று அர்த்தம். 1948 சென்ட்டில் 8-ஐச் சுரண்டி 3 ஆக்கியவையும் உண்டு. அவை காந்தத்தில் ஒட்டாது, லென்ஸில்தான் மாட்டும்.

ஆலையே ஒப்புக்கொண்ட பிழைக்கும் உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் 2008-ல் 20 பென்ஸ் நாணயத்தின் வடிவத்தை மாற்றியபோது, ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது. ஒரு தொகுதியில் பழைய முன்பக்க டையும் புதிய பின்பக்க டையும் ஜோடி சேர்ந்துவிட்டன. விளைவு, எந்தப் பக்கமும் ஆண்டே இல்லாத நாணயம். ராயல் மின்ட் அதைப் பிழைதான் என்று ஒப்புக்கொண்டது. அந்த 20 பென்ஸில் ஆண்டு இருந்து அழிந்ததற்கான தடயம் இருக்காது, ஏனென்றால் அந்த இரண்டு டையிலுமே ஆண்டு கிடையாது. எப்படி நடந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடிகிற பிழை.

பழைய வெள்ளி ரூபாயும், பழவேற்காட்டுக் காசும்

நம் ஊரில் மாற்றி எழுதப்பட்ட நாணயம் என்றால் அனுபவசாலிகள் முதலில் சொல்வது 1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைத்தான். 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். 1939 மிக அரிது. 8-ன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டினால் 9 மாதிரி ஆகிவிடும். வேலை அவ்வளவுதான், விலை வித்தியாசமோ மலை அளவு. கடைசி இலக்கத்தை லென்ஸில் பார்த்து, 9-ன் வால் இயல்பாக வளைகிறதா, சுரண்டிய இடத்தில் தரை கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் 1939 ரூபாயை வாங்கக் கூடாது. எடை 11.66 கிராம் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் 1938 ரூபாயும் அதே எடைதான் என்பதால் தராசு இங்கே துணைக்கு வராது.

இன்னும் பின்னால் போனால் கணக்கே மாறுகிறது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலுள்ள பழவேற்காட்டில், ஜெல்டிரியா கோட்டையில் 17-ம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம் அடித்தது. அந்தக் காலச் செப்புக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. அச்சு ஒதுங்கியிருப்பதும், பாதி எழுத்து காசுக்கு வெளியே போயிருப்பதும், வட்டம் கோணலாக இருப்பதும் அவற்றுக்கு இயல்பு. சோழர் காசும் அப்படித்தான். ஆஃப் சென்டர் பழவேற்காட்டுக் காசு என்று கூடுதல் விலை கேட்டால், அந்த வியாபாரிக்குக் காசு தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைக்கிறார். காலரும் பிரஸ்ஸும் இல்லாத காலத்துக் காசில் ‘பிழை’ என்று ஒன்றை வரையறுப்பதே கஷ்டம்.

நாணயத்தைச் சோதித்துத் தரம் சொல்பவருக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: வண்ணக்கன். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போலிக் காசு எவ்வளவு பழையதோ, அதைப் பிடிக்கும் தொழிலும் அவ்வளவு பழையதாக இருக்க வேண்டும்.

தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் இன்னொரு விஷயம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் ‘ஃபாரின் பார்ட்டி’ கதைகளை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

“நம்ம காசு, நாம என்ன வேணா பண்ணலாம்” என்று நினைத்து அரத்தை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். உருக்குலைத்த நாணயத்தைக் கையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். 7 ஆண்டுவரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கலாம். முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்பதற்காக, தேவைக்கு மிக அதிகமாக நாணயங்களைக் குவித்து வைப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. மாற்றிய நாணயத்தை ஆலைப் பிழை என்று சொல்லி விற்றுப் பணம் வாங்கினால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின்கீழ் மோசடியாகவும் ஆகலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உருக்குலைக்கப்படாத, எடை குறையாத நாணயம்தான் செல்லும் என்பது அதே நாணயச் சட்டத்தின் நிபந்தனை. 10 ரூபாயைச் சுரண்டி லட்சம் எதிர்பார்ப்பவர், முதலில் அந்த 10 ரூபாயை இழக்கிறார்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

ரிசர்வ் வங்கி எரர் காயினுக்கு விலை சொல்வதில்லை, சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. வங்கிக் கிளையில் முகமதிப்பு மட்டும்தான் கிடைக்கும். வெளிநாட்டில் என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து மூடிய பெட்டியில் வைத்துத் தருகின்றன. அந்தப் பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், பெட்டியின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்ப்பது அவசியம். உள்ளூரில் என்றால், மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் அமைப்புகளில் பல வருடம் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில் ஏறி சென்னைக்குப் போய், நாணயக் கண்காட்சியில் நான்கு பேரிடம் காட்டிவிட்டு வருவது, முகம் தெரியாத வாட்ஸ்அப் எண்ணுக்கு 500 ரூபாய் அனுப்புவதைவிட மலிவு. அந்த நான்கு பேரும் ஒரே பதில் சொன்னால் நம்பலாம். பல சமயம் அந்தப் பதில், “செலவு பண்ணிடுங்க தம்பி” என்றுதான் இருக்கும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தகவல் போனால்தான் முடக்க வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய ‘சான்றிதழ்’ எதையும் அழித்துவிடக் கூடாது. 10 ரூபாய் நாணயம் செல்லுமா என்ற சந்தேகம் மட்டும் என்றால், ரிசர்வ் வங்கி இதற்காகவே வைத்த 14440 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், திரும்ப அழைப்பு வந்து பதிவு செய்த விளக்கம் ஒலிக்கும். டீக்கடையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கூட கேட்கலாம்.